ஒட்டிச் சேர்த்த விளக்கு!

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் கை தவறிக் கீழே விழுந்தால் என்ன நடக்கும்?

'சிலீர்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, 'யாரும் கிட்ட வராதீங்க, காலில் குத்திடும்!' என்று அம்மாவின் குரல். அப்புறம் துடைப்பம், முறம், குப்பைத் தொட்டி. அவ்வளவு தான்! உடைந்த கண்ணாடியை யாராவது ஒட்ட வைப்பார்களா என்ன?

ஒட்ட வைத்திருக்கிறார்கள்! எகிப்து நாட்டின் தலைநகர் கெய்ரோவில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு நாள், 650 ஆண்டுப் பழமையான கண்ணாடி விளக்குகள் நொறுங்கித் தரையில் சிதறின. ஆனால், துடைப்பத்தால் கூட்டித் தள்ளாமல், துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஏன் உடைந்தன? எப்படிச் சேர்த்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அந்த அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்து விடுவோமா? வாங்க, கிளம்பலாம்!

மக்களின் வாசல்

நாம் வந்து நிற்கும் இடத்தின் பெயர் 'பாப் அல் கல்க்'. 'பாப்' என்றால் அரபு மொழியில் வாசல். 'கல்க்' என்றால் மக்கள். மக்களின் வாசல்! பெயரே அழகாக இருக்கிறது அல்லவா?

எதிரே நீளமாக, உயரமாக நிற்கிறதே, பழைய காலத்து அரண்மனை போல... அது தான் கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். இந்தக் கட்டடம் 1903ல் திறக்கப்பட்டது. ஆனால், அருங்காட்சியகம் தொடங்கிய கதை அதற்கும் முந்தையது.

1880களில், கெய்ரோவின் பழைய மசூதிகள் பலவும் சிதைந்து கிடந்தன. அங்கிருந்த செதுக்கிய கதவுகள், விளக்குகள், பீங்கான் ஓடுகள் எல்லாம் காணாமல் போய்க்கொண்டிருந்தன. 'இப்படியே விட்டால் எதுவும் மிஞ்சாது' என்று கவலைப்பட்டவர்கள், கிடைத்தவற்றை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். எந்த இடத்தில் தெரியுமா? அல் ஹாகிம் மசூதி என்ற, பாதி இடிந்து கிடந்த பழைய மசூதியின் முற்றத்தில்! அங்கே இடம் போதாமல் போனதால், இந்தப் பெரிய கட்டடத்தைக் கட்டினார்கள். இன்று இங்கே 1 லட்சம் பொருட்களுக்கு மேல் இருக்கின்றன.

ஆக, இந்த அருங்காட்சியகம் பிறந்ததே, சிதைந்தவற்றைக் காப்பாற்றத் தான். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்!

'இஸ்லாமியக் கலை என்றால், தொழுகைக்கான பொருட்கள் மட்டும் தானா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? இல்லை. முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட நாடுகளில், ஸ்பெயினில் இருந்து இந்தியா வரை, 1,300 ஆண்டுகளில் மக்கள் செய்த, பயன்படுத்திய எல்லாமே இதில் அடங்கும். தண்ணீர்க் கூஜா, நாணயம், கம்பளம், கத்தி, மருந்துப் புத்தகம் என்று பட்டியல் நீளும். அவற்றைச் செய்த கைவினைஞர்களில் முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும், யூதர்களும் இருந்தார்கள்.

சரி, உள்ளே போவோம். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, எதையும் தொடக்கூடாது. கண்களுக்கு மட்டும் முழு சுதந்திரம்!

புள்ளி இல்லாத எழுத்து

உள்ளே காலவரிசைப்படி அமைந்த கூடங்கள் இருக்கின்றன. எந்த அரச வம்சம் முதலில் ஆண்டது, அடுத்து யார் வந்தார்கள் என்று அந்த வரிசையிலேயே பார்க்கலாம். மருத்துவம், வானியல் என்று தலைப்பு வாரியாக அமைந்த கூடங்களும் உண்டு.

நாம் முதலில் பார்க்கப் போவது, ஒரு சின்னக் கல். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஆனால், அரபு மொழி எழுத்துகளைப் படிக்கும் அறிஞர்கள் இந்தக் கல்லின் முன் நின்று விட்டால், லேசில் நகர மாட்டார்கள்!

இது ஒரு கல்லறைக் கல். அப்துர் ரஹ்மான் என்பவருக்காக வைத்தது. இதில் ஹிஜ்ரி 31 என்று ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, கி.பி., 652. ஆண்டு குறித்த மிகப் பழைய அரபுக் கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று.

நபிகள் நாயகம் மெக்காவில் இருந்து மதீனாவுக்குப் போன கி.பி., 622ம் ஆண்டில் இருந்து எண்ணப்படுவது தான் ஹிஜ்ரி ஆண்டு. அது நிலவை வைத்துக் கணக்கிடுவது. அதனால், நம் காலண்டரை விட ஆண்டுக்கு சுமார் 11 நாள் குறைவு. ரம்ஜான் பண்டிகை ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் முன்னால் வருவதன் ரகசியம் இப்போது புரிகிறதா?

இந்தக் கல்லில் இன்னொரு வேடிக்கை. இன்றைய அரபு எழுத்துகளில் மேலேயும், கீழேயும் புள்ளிகள் இருக்கும். இந்தக் கல்லில் புள்ளியே இல்லை! எது எந்த எழுத்து என்று படிப்பவர் தான் யோசித்துக் கொள்ள வேண்டும். 'ஐயோ, எப்படிப் படிப்பது?' என்று திகைக்காதீர்கள். நம் பழைய ஓலைச்சுவடிகளில் கூட மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் தான் எழுதினார்கள். நம் தாத்தாவுக்குத் தாத்தாக்களும் யோசித்து யோசித்துத் தான் படித்தார்கள்!

கூவும் கெண்டி

அடுத்து, ஒரு வெண்கலக் கெண்டி. தண்ணீர் ஊற்றும் மூக்குப் பகுதியைப் பாருங்கள். அட, சேவல்! சிறகை விரித்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, 'கொக்கரக்கோ' என்று கூவுவதற்குத் தயாராக நிற்கிறது. கெண்டியைச் சாய்த்தால், சேவலின் வாய் வழியே தண்ணீர் கொட்டும். வெறும் குழாய் வைத்தாலும் தண்ணீர் வந்திருக்கும். ஆனால், அதைச் செய்தவருக்கு அது போதவில்லை!

இது சுமார் 1,250 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உமையா வம்சத்தின் கடைசி கலீபா இரண்டாம் மர்வான், கி.பி., 750ல் எகிப்தில் கொல்லப்பட்டார். அவர் இறந்த இடத்துக்கு அருகே இந்தக் கெண்டி கிடைத்தது. அதனால், இது அவருடையதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

குடிப்பவருக்கு மட்டும் தெரியும் படம்

இப்போது நான் காட்டப் போவது, இந்த அருங்காட்சியகத்தில் ரொம்பச் சின்னப் பொருள். உள்ளங்கை அளவு கூட இருக்காது. வட்டமான மண் துண்டு. அதில் ஊசியால் குத்தியது போலத் துளைகள், நடுவே ஒரு பறவை. இன்னொன்றில் மீன். இன்னொன்றில், பின்னல் கோலம் போல ஒரு வடிவம். பார்த்தால், காதில் போடும் ஜிமிக்கித் தட்டு மாதிரி இருக்கும். இது என்னவாக இருக்கும்? யோசியுங்கள் பார்க்கலாம்...

தோல்வியா? சரி, நானே சொல்கிறேன். இது, தண்ணீர்க் கூஜாவின் கழுத்துக்குள் இருந்த வடிகட்டி!

எகிப்தில் வெயில் சுட்டெரிக்கும். நம் மண்பானை போலவே, அங்கேயும் மண் கூஜாவில் தண்ணீர் வைத்துக் குடித்தார்கள். மண்ணில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் மெல்லக் கசிந்து, ஆவியாகும். ஆவியாகும் போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால், உள்ளே இருக்கும் தண்ணீர் 'ஜில்'லென்று ஆகிவிடும். சரி, அதற்குள் பூச்சி விழுந்து விட்டால்? அதற்குத் தான் கழுத்தில் இந்த வடிகட்டி. தண்ணீர் குபுக்கென்று கொட்டாமல் நிதானமாக வரவும் இது உதவும்.

வடிகட்டிக்கு நாலு துளை போதும். ஆனால், குயவர்கள் அந்தத் துளைகளையே வைத்துப் பறவை, மீன், மயில், யானை என்று படம் செய்தார்கள். சிலவற்றில் பொறுமை வேண்டும், இருப்பதைக் கொண்டு திருப்தி அடைய வேண்டும் என்பது போன்ற அறிவுரைகளைக் கூட எழுத்தாகவே வெட்டினார்கள். இந்தப் படம் கூஜாவின் கழுத்துக்குள் ஒளிந்து கிடக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தாகத்தோடு கூஜாவைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு மட்டும் தான் தெரியும்!

இது ராஜாவின் கூஜா இல்லை. சாதாரண மக்கள் சந்தையில் வாங்கிய கூஜா. விலை மலிவு. உடைந்தால் தூக்கி எறிந்து விடுவார்கள். அப்படி எறிந்தவை தான், கெய்ரோவுக்குப் பக்கத்தில் புஸ்தாத் என்ற பழைய நகரம் இருந்த இடத்தில், குப்பை மேடுகளில் குவியல் குவியலாகக் கிடைத்தன. (அதே புஸ்தாத் மண்ணில், நம் குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துணித் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன!)

யாரும் பெரிதாகப் பார்க்காத இடத்திலும், ஒருவர் இவ்வளவு அக்கறையாக வேலை செய்திருக்கிறாரே... அவர் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஆனால், 800, 900 ஆண்டுகள் கழித்து அவருடைய பறவையை நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம்!

சுவரைப் பார்த்துத் திரும்பிய படம்

'இஸ்லாமியக் கலையில் மனிதர்கள், விலங்குகள் படமே இருக்காது' என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பாதி தான் உண்மை. மசூதிக்குள்ளும், குர்ஆன் பிரதிகளிலும் இருக்காது. ஆனால், வீட்டிலும், அரண்மனையிலும் தாராளமாக இருந்தது. அதற்குச் சாட்சி, இதோ இந்த நீள நீளமான மரப் பலகைகள்.

குழல் ஊதுபவர், ஆடும் பெண், வேட்டைக்காரர், ஒட்டகத்தோடு போகும் வியாபாரி... ஒரு ஊரே பலகையில் நடந்து போகிறது! பாத்திமிய கலீபாக்களின் அரண்மனைக்காக 11ம் நூற்றாண்டில் செதுக்கியது. அந்த வம்சம் போனது, அரண்மனையும் இடிந்தது. பிறகு, சுல்தான் கலாவூன் அந்த இடத்தில் 1284ல் ஒரு பெரிய மருத்துவமனையைக் கட்டினார். ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் பார்க்காமல், இலவசமாக வைத்தியம் பார்த்த மருத்துவமனை அது.

எகிப்தில் நல்ல மரம் கிடைப்பது அரிது. அதனால், அரண்மனைப் பலகைகளை வீணாக்காமல், மருத்துவமனை வளாகத்தில் பயன்படுத்திக் கொண்டார்கள். ஆனால், படம் இருந்த பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து விட்டார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று! வெயிலும், தூசியும், கைகளும் படாமல், படங்கள் நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக இருந்தன. பழுது பார்த்தபோது பலகையைத் திருப்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மரம் அரிது என்பதால், இன்னொரு திறமையும் வளர்ந்தது. சின்னச் சின்ன மரத்துண்டுகளை நட்சத்திரமாகவும், அறுகோணமாகவும் சீவி, ஒன்றோடு ஒன்று கோத்துப் பெரிய கதவே செய்தார்கள். வெயிலில் மரம் சுருங்கும், விரியும். ஒரே பலகை என்றால் விரிசல் விட்டுவிடும். சின்னத் துண்டுகள் என்றால், ஒவ்வொன்றும் தனக்குள்ளே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அழகுக்கு அழகும் ஆயிற்று, உறுதிக்கு உறுதியும் ஆயிற்று! தொழும் திசையைக் காட்ட, சையிதா ருகையா நினைவிடத்தில் வைத்திருந்த 12ம் நூற்றாண்டு மர மாடத்தை இங்கே பாருங்கள். அதில் உள்ள நட்சத்திரக் கோலத்தில் ஒரு கோட்டைப் பிடித்து, கண்ணாலேயே அதன் பின்னால் போங்கள். எங்கே முடிகிறது? முடியவே முடியாது!

13 வயது சுல்தானும், கண்ணாடி விளக்கும்

இப்போது தான் நாம் தேடி வந்த விளக்குகளிடம் வந்திருக்கிறோம்.

1347ல், எகிப்தில் ஒரு சிறுவன் சுல்தான் ஆனான். பெயர் ஹசன். வயது சுமார் 13 தான். எட்டாம் வகுப்புப் பையன்! அதிகாரம் எல்லாம் பெரிய தளபதிகள் கையில். ஒருமுறை அவனைப் பதவியில் இருந்து இறக்கி, மறுபடி அமர வைத்தார்கள். வளர்ந்த பின், 1356ல் கெய்ரோ கோட்டைக்கு அருகே ஒரு பிரமாண்டமான மசூதியைக் கட்டத் தொடங்கினார் சுல்தான் ஹசன். வேலை முழுவதும் முடிவதற்குள், 1361ல் கொல்லப்பட்டார். அந்த மசூதி இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

அதற்காகச் செய்தவை தான், இந்தக் கண்ணாடி விளக்குகளில் பல. பின்னாளில், உடையாமல் பத்திரமாக இருக்க வேண்டும் என்று மசூதியில் இருந்து இங்கே கொண்டு வந்தார்கள்.

விளக்கின் உயரம் ஒரு அடிக்குக் கொஞ்சம் அதிகம். பூச்சாடி போல வாய் அகலம், கழுத்து ஒடுக்கம், வயிறு உருண்டை. வயிற்றைச் சுற்றிக் கண்ணாடி வளையங்கள். அவற்றில் சங்கிலி மாட்டி, உயரமான கூரையில் இருந்து தொங்க விடுவார்கள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயும், திரியும்.

வெளியே தெரிகிற நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் சாதாரண பெயின்ட் இல்லை. அதுவும் கண்ணாடி தான்! வண்ணக் கண்ணாடியை மாவாக அரைத்து, குழைத்து, தூரிகையால் விளக்கின் மேல் எழுதுவார்கள். தங்கமும் பூசுவார்கள். பிறகு மறுபடி சூளையில் வைத்துச் சுடுவார்கள். சூடு குறைந்தால், வண்ணம் ஒட்டாது. கூடினால், விளக்கே உருகி, கோணலாகிவிடும். எவ்வளவு நிதானம் வேண்டும், பாருங்கள்!

கழுத்தில் எழுதியிருக்கும் எழுத்து, பல விளக்குகளில் குர்ஆன் வசனம். இறைவனின் ஒளியை, கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குக்கு ஒப்பிடும் வசனம் அது. இருட்டிய பின், உள்ளே திரியை ஏற்றியதும், அந்த எழுத்தே ஒளிர்ந்திருக்கும்!

அந்த வெள்ளிக்கிழமை

2014, ஜனவரி 24. வெள்ளிக்கிழமை அதிகாலை. விடுமுறை நாள். ஊர் இன்னும் சரியாக விழிக்கவில்லை.

அருங்காட்சியகத்துக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம், கெய்ரோ போலீஸ் தலைமை அலுவலகம் இருந்தது. அதைக் குறிவைத்து, ஒரு வாகனத்தில் குண்டு வெடித்தது. அங்கே இருந்தவர்களின் உயிர்கள் பறிபோயின. பலர் காயம் அடைந்தார்கள்.

அந்த அதிர்ச்சி சாலையைக் கடந்து வந்தது. அருங்காட்சியகத்தின் ஜன்னல்கள் தெறித்தன. மேற்கூரையின் பகுதிகள் சரிந்தன. காட்சிப் பெட்டிகள் உடைந்தன. குழாய்கள் வெடித்து, தண்ணீர் கொட்டியது. பல நூறு ஆண்டுகள், எத்தனையோ போர்களையும், நிலநடுக்கத்தையும் தாண்டி வந்த கண்ணாடி விளக்குகள், சில நொடிகளில் தரையில் சிதறிக் கிடந்தன.

காட்சியில் இருந்தவற்றில், 179 பொருட்கள் சேதமடைந்ததாகக் கணக்கெடுத்தார்கள். விளக்குகள், பீங்கான், மரம், உலோகம் எல்லாம் அதில் உண்டு.

இரண்டு கண்ணாடியும் ஒரே தரையில்!

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. தரை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அதில் ஜன்னல் கண்ணாடியும் உண்டு, காட்சிப் பெட்டிக் கண்ணாடியும் உண்டு, 650 ஆண்டுப் பழைய விளக்கும் உண்டு. எது எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

இங்கே தான் பொறுமை தேவை. இன்றைய ஜன்னல் கண்ணாடி, இயந்திரத்தில் செய்தது. தட்டையாக, ஒரே கனமாக இருக்கும். பழைய விளக்கு, வாயால் ஊதிச் செய்தது. அதனால் வளைவு இருக்கும். ஓரிடத்தில் கனம் அதிகம், ஓரிடத்தில் குறைவு. உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் கூட இருக்கும். லேசான மஞ்சள் சாயல் தெரியலாம். ஒரு ஓரத்தில் நீல வண்ணம் இருந்தால், சந்தேகமே வேண்டாம்!

இப்படிப் பிரித்த பின், ஒவ்வொரு துண்டையும் சுத்தம் செய்ய வேண்டும். படம் எடுக்க வேண்டும். எண் போட வேண்டும். எந்த விளக்கின் துண்டு, கழுத்தா, வயிறா என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் வீட்டில் விளையாடும் படப்புதிர் போலத் தான். ஆனால், இந்தப் புதிருக்குத் தட்டையான அட்டை கிடையாது. துண்டுகள் உருண்டையாகச் சேர வேண்டும். ஒரு துண்டு நூலளவு தள்ளிப் போனாலும், கடைசித் துண்டு பொருந்தாது. பிரித்து, மறுபடி முதலில் இருந்து!

ஒட்டும் பசையிலும் ஒரு விதி இருக்கிறது. பின்னாளில் தேவைப்பட்டால் பிரித்து எடுக்கக் கூடிய பசையைத் தான் பயன்படுத்துவார்கள். ஏன் தெரியுமா? நாளைக்கு இன்னும் நல்ல முறை ஒன்றை யாராவது கண்டுபிடிக்கலாம். அப்போது, இன்று ஒட்டியது அவர்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது. 'நான் செய்தது தான் கடைசி' என்று நினைக்காமல் வேலை செய்வது, எவ்வளவு பெரிய பண்பு!

எகிப்து நாட்டு வல்லுனர்கள் உழைக்க, யுனெஸ்கோ அமைப்பும், ஐக்கிய அரபு அமீரகம், இத்தாலி போன்ற நாடுகளும் கை கொடுத்தன. சிலவற்றை மீட்க முடியவே இல்லை. அவ்வளவு பொடியாகி விட்டன. ஆனால், சேதமடைந்த பொருட்களில் பெரும்பாலானவை, மறுபடி உருப்பெற்றன.

3 ஆண்டுகள் ஆயின. 2017 ஜனவரியில், மக்களின் வாசல் மறுபடி திறந்தது. முன்பு இருந்ததை விட அதிகமாக, 4,000க்கும் மேற்பட்ட பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள்.

தங்க நிற அடையாளம்

மீட்டு எடுத்த பொருட்களை என்ன செய்தார்கள்? 'அது உடைந்ததே யாருக்கும் தெரியக் கூடாது' என்று மறைத்தார்களா? இல்லை. அவற்றின் அருகே தங்க நிறத்தில் ஒரு அடையாளம் வைத்தார்கள். 'இது உடைந்தது, நாங்கள் சேர்த்தோம்' என்று சொல்லும் அடையாளம்.

அந்த விளக்கின் முன் நின்று, உற்றுப் பாருங்கள். மெல்லிய ரேகை போல, ஒட்டுப் போட்ட கோடுகள் தெரியும். இப்போது நீங்களே சொல்லுங்கள்... உடையாத விளக்கு அழகா, ஒட்டிச் சேர்த்த விளக்கு அழகா? விடையை உங்களிடமே விட்டு விடுகிறேன்.

கூஜாவுக்குள் பறவையைச் செதுக்கிய பெயர் தெரியாத குயவர், சூளை முன் வியர்வையோடு நின்ற கண்ணாடிக்காரர், பூதக்கண்ணாடியோடு துண்டுகளைப் பொறுக்கிய வல்லுனர்... மூன்று பேருக்கும் நடுவே பல நூறு ஆண்டு இடைவெளி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால், மூவர் கைகளும் செய்தது ஒரே வேலை தான். அவசரப்படாமல், அக்கறையாக வேலை செய்வது!

அடுத்த முறை உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது, எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, 5 நிமிடம் அதன் முன் நில்லுங்கள். இதை யார் செய்திருப்பார்? எப்படிச் செய்திருப்பார்? எங்கேயாவது ஒட்டுப் போட்டிருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பொருள் உங்களிடம் பேச ஆரம்பித்து விடும்!

அப்புறம் ஒன்று... வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், 'நான் ஒட்ட வைக்கிறேன்' என்று வெறுங்கையால் எடுத்து விடாதீர்கள். அந்த வேலையைப் பெரியவர்களிடமே விட்டு விடுங்கள். சரியா, குட்டீஸ்?

*

தெரியுமா?

* கெய்ரோ கடைகளில் விலைப் பலகையைப் பார்த்தால், தலை சுற்றும்! அங்கே புழங்கும் எண்களில், நம்முடைய 0 போல இருப்பது 5. வெறும் புள்ளி வைத்தால், அது தான் 0!

* அந்த எண்களை அவர்கள் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? 'இந்திய எண்கள்' என்று! இந்தியாவில் பிறந்த எண் முறை, அரபு நாடுகள் வழியாகத் தான் ஐரோப்பாவுக்குப் போனது.

* அரபு மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆகவே, நமக்குக் கடைசிப் பக்கம் தான், அவர்களுக்கு முதல் பக்கம். ஆனால், எண்களைப் படிக்கும்போது நம்மைப் போலவே, பெரிய இலக்கத்தை இடப்பக்கம் எழுதுவார்கள்.

* இந்த அருங்காட்சியகத்தின் வானியல் பிரிவில் இருக்கும் 'அஸ்ட்ரோலேப்' என்ற உலோகத் தட்டு, அந்தக் காலத்து செல்போன் மாதிரி! சூரியன் அல்லது நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, தட்டைச் சுழற்றினால், மணி என்ன என்று கண்டுபிடித்து விடலாம்.

*

செய்து பாருங்களேன்!

கெய்ரோ தச்சர் போல ஒரு நட்சத்திரம் போடலாமா?

1. காம்பஸை 4 செ.மீ., அளவுக்குத் திறந்து, ஒரு வட்டம் வரையுங்கள். அளவை மாற்றாதீர்கள்.

2. வட்டத்தின் கோட்டில் ஏதாவது ஒரு இடத்தில் முள்ளை வைத்து, வட்டத்தின் மேலேயே ஒரு சின்னக் குறி போடுங்கள். குறி போட்ட இடத்துக்கு முள்ளை நகர்த்தி, அடுத்த குறி. இப்படியே சுற்றி வந்தால், சரியாக 6 குறிகள் விழும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது!

3. ஒன்று விட்டு ஒன்றாகக் குறிகளை ஸ்கேலால் சேருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். மீதி 3 குறிகளையும் சேருங்கள். இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து, 6 முனை நட்சத்திரம் தயார்.

4. அந்த நட்சத்திரத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் அறுகோணத்தைக் கண்டுபிடித்து, பிடித்த வண்ணம் தீட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக் கொண்டே போனால், தாள் தீரும், கோலம் தீராது!